கழுத்திலும் கவரிங், காலிலும் கவரிங்

1

என் வலது முட்டிக்கு இன்று ஒரு வயது. மிச்ச உடம்புக்கு அறுபத்தாறு.

ஆஸ்பத்திரியில் கொடுத்த அட்டை ஒன்று என் பர்ஸில் இருக்கிறது. என் பெயர், எந்தக் கால், உள்ளே வைத்திருப்பது என்ன உலோகம், அதன் மேல் என்ன பூச்சு என்று எல்லாம் அச்சடித்திருக்கிறார்கள். விமானம் ஏறப் போகும்போது வாசலில் மெஷின் கத்தினால் இதைக் காட்ட வேண்டுமாம். எனக்கு இந்த அட்டை பிடிக்கும். ஓர் உலோகத்தைப் பற்றி எனக்கு யாரும் உண்மையை எழுத்தில் கொடுத்தது இதுதான் முதல் தடவை.

நான் கம்பைநல்லூர் பக்கம். வீட்டுக்காரர் போன இரண்டாம் வருடம் மகன் செந்தில் என்னை ஆஸ்திரேலியாவுக்குக் கூட்டிக்கொண்டு வந்தான். வந்து ஆறு வருடம். மருமகள் கவிதா வேலைக்குப் போகிறாள். பேத்தி மகிழினிக்குப் பதின்மூன்று வயது. அவளிடம் மிச்சம் இருக்கிற தமிழ் நாலு வார்த்தை: ஆயா, சோறு, வேணாம், போ. நான் அஞ்சாவது வரை படித்தவள். நாலு பேர் நடுவில் எனக்குப் பேச்சு வராது. ஊரிலும் வராது, இங்கேயும் வராது. கோபம் வந்தால் இப்படி நோட்டில் எழுதுவேன்.

போன ஞாயிற்றுக்கிழமை கோபம் வந்தது.

என் நாத்தனார் சரசு, அதாவது என் வீட்டுக்காரரின் தங்கை, வீடியோவில் கூப்பிட்டாள். அரூரில் அவள் பேத்திக்கு நிச்சயதார்த்தம். பின்னால் பட்டுச் சேலையாக இருபது முப்பது முகம்.

"அண்ணி, காலு எப்படிங்க இருக்குது? தங்கத்துலயே முட்டி போட்டுட்டாங்களாமே! எல்லாரும் கழுத்துல போடுவாங்க, நீங்க கால்லயும் போட்டுக்கிட்டீங்க!"

பின்னால் சிரிப்பு. நானும் பல்லைக் காட்டினேன். வேறென்ன செய்வது. அத்தோடு விட்டிருக்கலாம். விடவில்லை.

"ஆமாங்க அண்ணி, உங்க கழுத்துக் கொடிய பத்திரமா வச்சிருக்கீங்கல்ல? மகிழினிக்குன்னு?"

யார் எதைக் கேட்கிறாள்! அதற்கு நான் என்ன பதில் சொன்னேன் என்பது கடைசியில். அது புரிய வேண்டுமென்றால் முட்டி வந்த கதை தெரிய வேண்டும்.

2

இந்த நாட்டில் எதற்கும் ஒரு படிவம். பஸ் அட்டைக்குப் படிவம், நூலகத்துக்குப் படிவம், நான் உயிரோடுதான் இருக்கிறேன் என்பதற்குக்கூட ஒரு படிவம். எல்லாவற்றையும் செந்தில்தான் நிரப்புவான். நான் கையெழுத்து போட வேண்டிய இடத்தில் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி வைத்துக் கொடுப்பான். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று நான் கேட்டதில்லை, அவன் சொன்னதும் இல்லை.

முட்டி தேய்ந்து நடக்க முடியாமல் போனதும் ஆபரேஷன் என்றார்கள். பெரிய டாக்டர் நல்ல மனிதர். என் முகத்தைப் பார்த்துத்தான் கேட்டார். பதில் சொன்னதெல்லாம் செந்தில். சர்க்கரை உண்டா, வலி எப்போது, மாடி ஏற முடிகிறதா. எனக்கு வலி மாடி ஏறும்போது இல்லை, இறங்கும்போது. அவன் ஏறும்போது என்று சொல்லியிருப்பான்.

பிறகு டாக்டர் தன் காது மடலைத் தொட்டார். மணிக்கட்டில் வாட்சைத் தொட்டார். பெல்ட்டின் கொக்கியைத் தொட்டார். கையைச் சொறிவது போலக் காட்டினார். இங்கிலீஷ் தெரியாவிட்டாலும் அந்தக் கேள்வி எனக்கு நன்றாகப் புரிந்தது. இந்தக் கேள்வியை யாராவது கேட்க மாட்டார்களா என்று நான் எத்தனையோ வருடம் காத்திருந்தவள். வாயைத் திறந்தேன்.

செந்தில் சிரித்துக்கொண்டே முந்திக்கொண்டான். "நோ, நோ. ஒன்லி கோல்டு."

அந்த இரண்டு வார்த்தையும் எனக்குத் தெரியும். 'இல்லை' என்ற கட்டத்தில் டிக் விழுந்தது. நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

காரில் கேட்டேன். "டாக்டர் என்னடா கேட்டாரு?"

"அலர்ஜி இருக்குதான்னும்மா. உலோகம் பட்டா அரிக்குமான்னு. நமக்கு அதெல்லாம் ஏது? ஆத்தா போட்டுவுட்ட கொடி சுத்தத் தங்கமாச்சே."

அவன் ஆத்தா என்று சொன்னது என் மாமியாரை. வெளியில் பார்த்துக்கொண்டு வந்தேன். பொய்யைச் சொன்னதாவது போகட்டும், அந்தக் கொடியின் பெருமையையும் மாமியாருக்குக் கொடுத்துவிட்டானே.

இதில் இன்னொன்று. என் மகனுக்கு உத்தியோகமே உலோகத்தின் மேல் உலோகம் பூசுவது. துளை போடும் கருவி, அறுக்கிற கருவி இவற்றின் மேல் கண்ணுக்குத் தெரியாத மெல்லிசில் ஒரு பூச்சு ஏற்றி, அது எவ்வளவு கெட்டி, எவ்வளவு பிடிப்பு, எப்போது உரியும் என்று சோதிப்பது. பெற்றவள் கழுத்தில் கிடந்த பூச்சு மட்டும் அவன் கண்ணில் படவில்லை.

3

அந்தக் கொடி என் அப்பா செய்து போட்டது. புளி வியாபாரம் பார்த்தவர். தாலியைக் கோர்க்கிற கொடி கனமாக இருக்க வேண்டும் என்று கூடவே உட்கார்ந்து செய்வித்தார். கொக்கியின் உள்பக்கம் தட்டானிடம் சொல்லி 'ப' என்று வெட்டவைத்தார். பழனியம்மாள் என்பதற்கு 'ப'.

கல்யாணமாகி இரண்டாம் வருடம் சரசுவுக்கு மாப்பிள்ளை அமைந்தது. ஒரு நாள் சாயங்காலம் மாமியார் என்னைச் சாமி அறைக்குள் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். என் தாலியை மஞ்சள் கயிற்றுக்கு மாற்றினார், கொடியை உருவினார், கவரிங் கொடி ஒன்றை எடுத்துத் தாலியை அதில் கோர்த்து மறுபடி மாட்டினார். எல்லாம் ஒரு காபி ஆறுகிற நேரத்தில் முடிந்தது.

"ஒரு மாசந்தான். வெள்ளாமை வந்ததும் உனக்குப் புதுசு செஞ்சு போட்டர்றேன். யாராச்சும் கேட்டா தங்கம்னே சொல்லு. வூட்டு மானம்."

வீட்டுக்காரர் வாசலில் நின்று செருப்பைத் தட்டிக்கொண்டிருந்தார். கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

அந்த ஒரு மாதம் முப்பத்தெட்டு வருடம் ஓடியது.

கவரிங் மாட்டின மூன்றாம் மாதமே அரிக்கத் தொடங்கியது. முதலில் பிடரி, கொக்கி படுகிற இடம். அப்புறம் சுற்றி வளையமாக. சிவந்து, தடித்து, தண்ணீர் கோத்து, கறுத்தது. கேட்டவர்களிடம் வேர்க்குரு என்றேன். மார்கழியில்கூட வேர்க்குரு என்றேன். என் மகன் மடியில் கிடந்து அதைத் தடவி, "இது என்னம்மா?" என்று கேட்டிருக்கிறான். அவனுக்கும் வேர்க்குருதான்.

கவரிங் கொடி வெளுத்தால் அரூர்க் கடையில் மாற்றி வாங்கி வருவார்கள். அது வெளுக்காமலும் தோலில் படாமலும் இருக்க நானே ஒரு வழி கண்டுபிடித்தேன். நிறமில்லாத நெயில் பாலிஷ். வெள்ளிக்கிழமை தலைக்குக் குளித்துவிட்டு, கொடியைக் கழுத்தில் போட்டபடியே, கண்ணாடியைப் பார்த்து வளையம் வளையமாகப் பூசுவேன். காய்கிற வரைக்கும் குனியாமல் உட்கார்ந்திருப்பேன். இரண்டு வாரம் தாங்கும். முதலில் விடுவது கொக்கி. அடுத்து வளையத்தோடு வளையம் உரசுகிற இடம். நேராகக் கிடக்கிற இடத்தில் பூச்சு அழகாக இருக்கும். வளைகிற இடத்தில்தான் போகும். இதை எனக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

கழற்றி வைத்திருக்கலாமே என்று படிக்கிறவர்கள் கேட்கலாம். புருஷன் இருக்கும்போது கழுத்தை விட்டுத் தாலி இறங்கக் கூடாது என்று சட்டம். என் தங்கத்தை உருவின அன்றைக்கு அந்தச் சட்டத்துக்கு ஒரு மஞ்சள் கயிறு போதுமாக இருந்தது. எனக்கு அரித்தபோது மட்டும் அது இரும்பாக நின்றது.

வீட்டுக்காரர் போனார். கொடியை இறக்கினார்கள். அத்தனை அழுகைக்கு நடுவில் என் கழுத்தில் காற்று பட்டது, சுகமாக இருந்தது. இதை நான் யாரிடம் சொல்வேன்?

புண் ஆறிவிட்டது. கறுப்பு வளையம் போகவில்லை.

4

ஆபரேஷனுக்கு முன்னால் ஆஸ்பத்திரி கொடுத்த கையேட்டைக் கவிதா எனக்குத் தமிழில் படித்துச் சொன்னாள். நல்ல பெண், எதையும் விட மாட்டாள்.

"அத்தை, நிக்கல்னு ஒரு உலோகம் ஒத்துக்காதவங்க முன்னாடியே சொல்லணுமாம். முட்டிக்குள்ள வைக்கிறதுல அது கலந்திருக்குமாம். சிலருக்கு வீங்கி, வலி எடுத்து, மறுபடியும் தொறந்து எடுக்கறாப்ல ஆயிருமாம். உங்களுக்கு அப்படி ஒண்ணும் இல்லீங்களே?"

கவரிங்கில் நிக்கல் இருக்கும் என்று எனக்கு அப்போது தெரியாது. ஆனால் என் பிடரி அரித்தது, அந்த நிமிஷமே, ஒன்றும் இல்லாத கழுத்தில்.

"அம்மாவுக்கு அதெல்லாம் ஒண்ணுமில்ல, நான் சொல்லிட்டேன்," என்றான் செந்தில், ஹாலில் இருந்து.

நான்கு நாள் யோசித்தேன். கழுத்தில் என்றால் சொறிந்துகொள்ளலாம். எலும்புக்குள் அரித்தால்?

ஆபரேஷனுக்கு முந்தின வாரம் நர்ஸ் ஒருத்தி எல்லாவற்றையும் இன்னொரு தடவை கேட்டுச் சரிபார்த்தாள். அந்த அறைச் சுவரில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. ஒரே செய்தி, பல மொழியில். சீன எழுத்துக்குக் கீழே, அரபி எழுத்துக்கு மேலே, தமிழ். உங்கள் மொழியிலேயே பேச உங்களுக்கு உரிமை உண்டு, ஊழியரிடம் கேளுங்கள் என்று. எழுத்துக் கூட்டிப் படித்தேன். அஞ்சாவது படிப்பு ஐம்பத்தைந்து வருடம் கழித்துக் கைகொடுத்தது.

நாற்காலியைப் பிடித்து எழுந்து போய் அந்த வரியின் மேல் விரலை வைத்தேன். "தமிழ். போன்," என்றேன்.

செந்தில் பதறிவிட்டான். "அம்மா, நான்தான் இருக்கேனே, எதுக்கு?"

"நீ இருக்கறதாலதான்."

நர்ஸ் அவனிடம் மரியாதையாக ஏதோ சொல்லிக் கதவைக் காட்டினாள். அவன் முகம் சுண்டி வெளியே போனான். மேஜை மேல் இருந்த போனில் ஒரு பெண் குரல் வந்தது. இலங்கைத் தமிழ்.

"வணக்கம் அம்மா. நீங்கள் சொல்லுறது எல்லாத்தையும் நான் அப்பிடியே இங்கிலீசில சொல்லுவன். இதில கதைக்கிறது ஒண்டும் வெளியில போகாது."

"என் மவனுக்குமா?"

"ஓம் அம்மா. ஆருக்கும்."

"அப்பச் சொல்லுங்க. என் கழுத்துல கெடந்தது தங்கம் இல்லீங்க, கவரிங். முப்பத்தெட்டு வருசம் அரிச்சுது. புண்ணாச்சு, தண்ணி வுட்டுது."

முப்பத்தெட்டு என்பதை அவள் இங்கிலீஷில் சொன்னபோது நர்ஸின் பேனா நின்றுவிட்டது. எழுந்து வந்து என் பிடரியைப் பார்த்தாள். ஏதோ கேட்டாள்.

"நர்ஸ் கேக்கிறா, அவ்வளவு காலமும் ஏன் கழட்டேல்ல எண்டு."

"நீங்களும் தமிழ்ப் பொம்பளதானுங்களே. உங்களுக்குத் தெரியாதுங்களா?"

"எனக்குத் தெரியும் அம்மா. ஆனா நீங்கள் சொன்னாத்தான் நான் சொல்லலாம்."

அதனால் சொன்னேன். சாமி அறை, மஞ்சள் கயிறு, வாசலில் செருப்பு, ஒரு மாசம், எல்லாம். நான் ஒரு வரி சொல்ல, அவள் ஒரு வரி சொல்ல, என் கதை இங்கிலீஷில் போய்க்கொண்டிருந்தது. கூச்சமே இல்லை. முகம் தெரியாத ஒரு குரலிடம் முதல் தடவையாக முழுசாகப் பேசினேன். அந்தப் பெண் எங்கே இருக்கிறாளோ, நன்றாக இருக்கட்டும்.

படிவத்தில் 'இல்லை' அடிக்கப்பட்டு 'ஆம்' விழுந்தது.

5

காரில் செந்தில் என்னவென்று கேட்டான். நர்ஸ் விவரம் சொல்லவில்லை, அலர்ஜி என்று மட்டும் சொல்லியிருந்தாள். மிச்சத்தை நான் சொன்னேன்.

"ஏம்மா, இத என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல?"

"எப்படா சொல்றது? டாக்டர் என்னத்தான் கேட்டாரு. வாயத் தொறந்தேன். நீ சொல்லிட்ட."

"எனக்கு எப்படிம்மா தெரியும்?"

"தெரியாதுன்னா தெரியாதுன்னு சொல்லோணும். ஒன்லி கோல்டுங்கக் கூடாது."

சிக்னலில் நின்றோம். "சரசு அத்தைக்குத் தெரியுமா?"

"அவ கழுத்துல கெடக்கறது அவளுக்குத் தெரியாதா?"

"சரி, பழசு. வுடும்மா. அத்தைகிட்ட இதக் கேட்டு வெக்காத. மானம் போயிரும்."

அவன் பிறப்பதற்கு முன்னால் என் மாமியார் சொன்ன அதே வார்த்தை. இத்தனை கடல் தாண்டி, இத்தனை படிப்புப் படித்து, அதே வார்த்தை. அந்த மானத்தைச் சுமந்தது யார் கழுத்து என்று ஒருத்தரும் கேட்க மாட்டார்களா? அன்று இரவு நான் அவனுக்குச் சோறு போடவில்லை. கவிதா போட்டாள்.

6

ஆபரேஷனைத் தள்ளிவைத்து, என் முதுகில் சின்னச் சின்ன வட்டமாக ஒவ்வொரு உலோகத்தின் மருந்தையும் ஒட்டி, இரண்டு நாள் கழித்துப் பிரித்துப் பார்த்தார்கள். ஒரே ஒரு வட்டம் கொப்பளித்திருந்தது. நிக்கல்.

பெரிய டாக்டர் மறுபடி கூப்பிட்டார். மேஜையில் இரண்டு முட்டி வைத்திருந்தார். ஒரே அச்சு. ஒன்று எவர்சில்வர் மாதிரி. இன்னொன்று பளபளவென்று தங்க நிறம். என் போன்றவர்களுக்கு அந்தத் தங்க நிற முட்டிதானாம். செந்தில் இந்தத் தடவை ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொல்லி, என் முகத்தைப் பார்த்துக் காத்திருந்தான். அவ்வளவு மாறியிருந்தான்.

"இது தங்கம் இல்லம்மா. டைட்டானியம் கலந்த பூச்சு. உள்ள இருக்கறது அதே உலோகந்தான். மேல இருக்கறது நிக்கல வெளிய வுடாது."

"அப்ப மறுபடியும் கவரிங்கா?"

அவன் அதை மொழிபெயர்க்கவில்லை.

"சொல்லுடா. அவருகிட்டச் சொல்லு."

சொன்னான். டாக்டர் சிரித்தார்; என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினார். நியாயமான கேள்வி, இதற்கு உங்கள் மகனே என்னைவிட நன்றாகப் பதில் சொல்வார், யோசித்துக் கையெழுத்துப் போடுங்கள் என்றார்.

சனிக்கிழமை செந்தில் என்னைத் தன் வேலை இடத்துக்குக் கூட்டிப் போனான். வந்து ஐந்து வருடத்தில் முதல் தடவை. கண்ணுக்குப் பெரிய கண்ணாடி மாட்டிவிட்டான். பூச்சு ஏற்றுகிற இயந்திரம் பெரிய அண்டா மாதிரி. உள்ளே காற்றையெல்லாம் உறிஞ்சிவிட்டு உலோகத்தை ஆவியாக்கிப் படியவைப்பார்களாம். தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லிசாம் அந்தப் படிவு.

"ரொம்பக் கெட்டியா ஏத்துனா நல்லதுன்னு நெனப்போம். இல்லம்மா. கெட்டியானது கண்ணாடி மாதிரி வெடிக்கும். கனமா ஏத்துனா தனக்குள்ளயே இறுகி, ஓரம் தூக்கிக்கும்."

"கூழ் வத்தல் துணியில காயறப்ப ஓரம் சுருட்டிக்குமே, அப்படியா?"

அவன் என்னை ஒரு மாதிரி பார்த்தான். "அதேதான்ம்மா."

ஒரு சின்ன வைர ஊசியைப் பூச்சின் மேல் வைத்து இழுக்கிற கருவி இருந்தது. போகப் போக அழுத்தம் கூடும். எந்த இடத்தில் பூச்சு வெடிக்கிறது, எந்த இடத்தில் அடி உலோகம் தெரிகிறது என்று பெரிதாக்கித் திரையில் பார்க்கலாம். முட்டிக்குப் பூசுவது போன்ற பூச்சு ஏற்றிய தகடு ஒன்றை வைத்து இழுத்துக் காட்டினான். கோடு நீளமாகப் போனது. கடைசியில்தான் செதில் செதிலாக வெடித்தது.

நான் இடுப்பிலிருந்து சுருக்குப்பையை எடுத்து, கடைசியாகக் கழுத்திலிருந்து இறக்கின கவரிங் கொடியை அந்த மேஜையில் வைத்தேன்.

"இதையும் வெச்சுப் பாரு."

"அம்மா, இது எதுக்கு..."

"வெய்யிடா."

கொக்கியைப் பிடிப்பில் இறுக்கி ஊசியை இறக்கினான். ஊசி தொட்டவுடனேயே திரையில் வெள்ளை தெரிந்தது. அவன் அதையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"தங்கம் புகை மாதிரி இருக்குது. அதுக்குக் கீழ..." அவன் திரையை இன்னும் பெரிதாக்கினான். "அதுக்குக் கீழ பூரா நிக்கல்மா."

"மேல நான் நெயில் பாலிஷ் போடுவேன். கொக்கியிலதான் முதல்ல வுடும். வளையற எடம்."

"பூச்சு மேல குத்தமில்லம்மா. கீழ இருக்கறது மெத்துன்னு இருந்து வளைஞ்சுதுன்னா மேல எதப் பூசுனாலும் வுட்டுரும்." என் கையைப் பிடித்துக்கொண்டான். "முப்பத்தெட்டு வருசம். நான் மடியில படுத்துக் கெடந்தேனே."

நான் இளகவில்லை. இளகுகிற நேரம் இல்லை அது, கால் என்னுடையது. "முட்டியும் மடங்கற எடந்தானே. இது உரியாதுன்னு எழுதிக் குடுப்பியா?"

சுலபமாக 'குடுக்கறேன்' என்று சொல்லியிருக்கலாம். எங்கள் வீட்டில் அப்படித்தான் சொல்வார்கள். அவன் யோசித்தான்.

"குடுக்க மாட்டேன்மா. எதுவும் தேயும். ஆனா இதுக்கு அடியில இருக்கறது கெட்டி, நசுங்காது. பூச்சு அதப் புடிச்சுக்கிட்டு நிக்குது. உன் காலம் தாண்டி நிக்கும்னு நம்பறேன். உறுதின்னு சொன்னா பொய்."

திங்கட்கிழமை கையெழுத்துப் போட்டேன். பெருக்கல் குறி வைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு, ஒவ்வொரு பக்கமாகத் தமிழில் கேட்டபிறகு, 'சு. பழனியம்மாள்' என்று முழுசாக. அடியில் என்ன இருக்கிறது என்று சொல்லிவிட்டு எனக்குப் போட்ட முதல் பூச்சு அது.

7

இப்போது ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். "கொடிய பத்திரமா வச்சிருக்கீங்கல்ல?" என்று சரசு கேட்டாள். போன் என் கையிலிருந்து சரிந்தது. பக்கத்தில் இருந்த செந்தில் அதை எடுத்தான். அணைக்கப் போகிறான் என்று நினைத்தேன். அவன் அதை என் முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"பத்திரமா இருக்குது சரசு," என்றேன். "உன் கழுத்துல."

"என்னங்க அண்ணி சொல்றீங்க?"

"கொக்கியத் திருப்பிப் பாரு. உள்பக்கம் 'ப'ன்னு இருக்கும். எங்கப்பா வெட்டவெச்சது. உன் பேர்ல 'ப' எங்க இருக்குது?"

பின்னால் இருந்த முகங்களில் சிரிப்பு நின்றது. அவள் கை கழுத்துக்குப் போனது. ஒரு பெண், அவள் மருமகளோ யாரோ, எட்டிப் பார்த்தாள். அவள் போன் மல்லாந்து விழுந்தது. அதற்குப் பிறகு எனக்குத் தெரிந்தது அரூர் மண்டபத்தின் மின்விசிறி மட்டும். அது வெகுநேரம் சுற்றியது.

"எனக்கு அது திரும்ப வேணாம்," என்று மின்விசிறியிடம் சொன்னேன். "நீயே போட்டுக்க. ஆனா என்கிட்ட இருக்கறது உங்க வூட்டுப் பொருளு. அனுப்பிவெக்கறேன்."

இன்று காலை கவரிங் கொடியை, ஊசி கீறின கொக்கியோடு, ஓர் உறையில் போட்டேன். தபால் நிலையத்துக்கு இரண்டு தெரு. தடி இல்லாமல் நடந்தேன். வெளிநாட்டுக்கு அனுப்ப அங்கேயும் ஒரு படிவம். உள்ளே என்ன என்று எழுத வேண்டும். முந்தின நாளே மகிழினியிடம் கொடியைக் காட்டிக் கேட்டு வைத்திருந்தேன், கவரிங்குக்கு இங்கிலீஷில் என்ன என்று. "ஃபேக், ஆயா," என்றாள், போனிலிருந்து கண்ணை எடுக்காமல். அதை எழுதிக் கொடுக்கச் சொல்லி, பார்த்துப் பார்த்து நானே படிவத்தில் எழுதினேன்.

கவுண்டர்க்காரர் படித்துவிட்டு உறையைத் தடவிப் பார்த்தார். பிறகு ஏதோ கேட்டார். 'கோல்டு' என்பது மட்டும் விளங்கியது. எனக்குப் பின்னால் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். எப்போதும் இந்த இடத்தில்தான் எனக்குத் தலை குனியும்.

"நோ கோல்டு," என்றேன். கடைசியில் நின்றவர் வரைக்கும் கேட்டிருக்கும். "ஒன்லி கவரிங்."

முத்திரை குத்தி உள்ளே போட்டார். நான் திரும்பி நடந்தேன்.